சித்தியின் படத்தில் ஒரு கை

எங்கள் சித்தியைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவள் வாய் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை. கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம், என் அண்ணன் செல்போனில் சேர்த்து வைத்திருக்கும் ஆயிரத்தெட்டுப் படங்கள், எதை எடுத்தாலும் கண் இருக்கும், மூக்குத்தி இருக்கும், அதற்குக் கீழே அவளுடைய வலது கை இருக்கும். சிரிப்பு வந்தால் கை தானாக மேலே வந்துவிடும். சிரிப்பு வராத நேரம் என்று சித்திக்குத் தூங்கும் நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

காரணம் தெத்துப்பல். அது என் அம்மா வீட்டுச் சொத்து. அந்த வீட்டு நிலம் கோர்ட்டு, வாய்தா என்று இருபது வருடம் இழுத்துக்கொண்டு போனது. பல் மட்டும் யாரும் கேட்காமலேயே எல்லாருக்கும் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம், அவளுடைய தங்கையான சித்திக்கு நிறைய. அடுத்த தலைமுறையில் எனக்கு.

சித்தியும் சித்தப்பாவும் வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். சித்தப்பா வைத்திருக்கிறார், இன்னும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக ஊரில் இருப்பவர்கள் வருத்தப்பட்ட அளவுக்கு அவர்கள் இருவரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. கடையில் அவ்வளவு வேலை இருந்தது. சித்தப்பா பேசாத மனிதர். வந்தவர்களிடம் பாத்திரத்தை எடுத்து நீட்டுவார், தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். பேச்செல்லாம் சித்தி. பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற வேலையும் அவளுடையது. கையடக்கமான மிஷினை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிர்ரென்று நான்கு நொடியில் ஒரு பெயரை வெட்டி விடுவாள். வெட்டிக்கொண்டே எதிரே இருப்பவரிடம் சம்பந்தி வீட்டுக் கதை கேட்பாள், சிரிப்பாள், கையை வாயில் வைப்பாள். அலுமினியப் பாத்திரம் எடுத்த கை எப்போதும் கருப்பாக இருக்கும். அதனால் பகல் பன்னிரண்டு மணிக்குள் சித்திக்கு மூக்கின் கீழ் சாம்பல் நிறத்தில் ஒரு மீசை வந்துவிடும்.

"மீச நல்லா வளந்துக்கினு வருது, நாளைக்கு முறுக்கி வுட்டுக்கலாம்" என்பார் கடைவாசலில் பூ விற்கிற அம்மா. அதற்கும் சிரிப்பாள். மீசை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு லீவு நாளில் அந்தக் கடையில் உட்கார்ந்து எதற்கோ சிரித்தேன். என் கையும் வாய்க்குப் போனது. சித்தி மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எத்தினி நாளாடி இப்டி மூட்ற?"

நான் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சித்தி மேற்கொண்டு கேட்கவும் இல்லை. "ஒரு வூட்ல ஒருத்தி மூடினா போதும்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் என்னைப் பாண்டிச்சேரிக்குப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

கம்பி கட்டி, மாதாமாதம் போய் முறுக்கி, இரண்டரை வருடம். அத்தனை மாதமும் சித்திதான் வந்தாள். கடையில் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து மத்தியான பஸ்ஸில் கிளம்புவோம். முறுக்கிய அன்று எனக்குப் பல்லெல்லாம் வலிக்கும். திரும்பும்போது ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் உறிஞ்சி முடிக்கும்வரை பஸ் ஸ்டாண்டில் போகிற வருகிற சனங்களின் நடையை மெல்லிய குரலில் எனக்கு வருணிப்பாள். வலியோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை டாக்டர் அவளைப் பார்த்து, "நீங்களும் போட்டுக்கலாமே, வயசு ஒரு பிரச்சினை இல்ல" என்றார். சித்தி வாயை மூடிக்கொண்டே, "எனுக்கு இன்னாத்துக்கு டாக்டர், கை கீதே" என்றாள்.

இன்று என் பல் வரிசையைப் பார்த்துப் பலர் என்ன பேஸ்ட் என்று கேட்கிறார்கள். நான் சித்தியின் பெயரைச் சொல்வேன். அவர்களுக்குப் புரியாது.

போன ஆடி மாதக் கடைசியில் காய்ச்சல் என்று படுத்த சித்தி ஆறாம் நாள் போய்விட்டாள். அறுபத்து மூன்று வயது. அன்று காலை நடந்ததையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை; அதை நினைத்துக்கொள்ள எனக்கு வேறு நேரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும் என்று அவசரத்தில் யாரோ ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். ஆதார் எடுத்த இடத்தில் கையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், சித்தி உதட்டை இறுக்கிப் பல்லை மறைத்திருக்கிறாள். கடைத்தெரு முழுக்க, பஸ் நிற்கிற இடம் வரைக்கும், யாரிடமோ கோபித்துக்கொண்ட ஒரு பெண்மணி ஒட்டப்பட்டிருந்தார். போஸ்டரைப் பார்த்துவிட்டு, "பாத்திரக்கடைக்காரம்மாவோட அக்காவா?" என்று கேட்டவர்கள் உண்டு. அக்காவாகிய என் அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று எங்கள் பக்கம் படத்திறப்பு வைப்பார்கள். காலையில் ஆற்றங்கரையில் சடங்கு முடித்து வந்து, வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே போனவர்களின் பெரிய படத்தைத் துணியால் மூடி வைத்து, உறவில் பெரியவர் ஒருவர் திறப்பார். மாலை போட்டுப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகு, தெரிந்தவர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள். அந்தப் படம்தான் அப்புறம் சுவரில் ஏறும். மாட்டிய படத்தை எங்கள் வீடுகளில் யாரும் மாற்றுவதில்லை. ஆகவே சித்தப்பா மிச்ச வாழ்நாள் முழுக்க எந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் போகிறார் என்பது அந்தப் பதினாறு நாளுக்குள் முடிவாக வேண்டும். போஸ்டரில் இருந்த முகத்தோடு அவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. படத்துக்கு நான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

பொறுப்பு எடுத்துக்கொள்வது எனக்கு வியாதி மாதிரி. திருபுவனையில் பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு நாற்காலியைத் தூக்கிப் பார்த்தால் எங்கே பிசிறு, எங்கே கோணல் என்று கண் போய்விடும். துக்க வீட்டில் வாடகைக்கு வந்த நாற்காலிகளில்கூட ஏழு நாற்காலிகளைச் சரியில்லை என்று ஒதுக்கி வைத்தேன். அழுதுகொண்டேதான் ஒதுக்கினேன் என்று அண்ணன் இன்றும் சொல்லிக் காட்டுகிறான்.

நானும் அம்மாவும் மூன்று வீட்டு ஆல்பங்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்தோம். என் சடங்குப் படத்தில் சித்தி எனக்குப் பின்னால் நிற்கிறாள், கை. அண்ணன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள், வலது கை எச்சில் என்பதால் இடது கை. ஒரே ஒரு படத்தில் கை இல்லை. அதில் அவள் அப்பளத்தால் மறைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் அழுதாள். பிறகு மறுபடியும் அப்பளத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஒரு மத்தியானம் அம்மா எனக்குச் சொன்ன கதைகள் ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாதவை. சின்ன வயதில் இரண்டு பேரும் கரும்புக் கட்டையை முன்பல்லால் யார் வேகமாக உரிப்பது என்று பந்தயம் வைப்பார்களாம். சித்திதான் எப்போதும் ஜெயிப்பாளாம். "அந்தப் பல்லுக்கு அதுதாண்டி வேல" என்றாள் அம்மா.

கடைசியில் ஆயுத பூஜை அன்று கடைவாசலில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டோம். வாழைக்கன்று, தோரணம், பக்கத்தில் சித்தப்பா சட்டையில் கழுத்துப் பித்தான் வரை போட்டு நிற்கிறார். சித்தி கண் இரண்டும் சுருங்கச் சிரிக்கிறாள். வாயில் கை, கைக்கு மேலே லேசாக மீசை. பூஜை நாளிலும் யாருக்கோ அலுமினியக் குண்டான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் கொண்டு போனேன். நல்ல வேலைக்காரர்.

"கைய எடுத்துடலாம்க்கா, இப்ப கம்ப்யூட்டர்ல எல்லாம் வருது. ஆனா அடியில வாய் எப்டின்னு நமக்குத் தெரியணும். அவங்க ஜாடைல யாருனா கீறாங்களா?" என்றார்.

எல்லாரும் சொல்கிற ஜாடை என்னுடையது. அங்கேயே ஸ்டூலில் உட்கார வைத்து, சிரிக்கச் சொல்லி, என்னை எடுத்துக்கொண்டார். இரண்டு நாளில் வரச் சொன்னார். போய்ப் பார்த்தபோது திரையில் சித்தி கையை இறக்கியிருந்தாள். மீசை துடைக்கப்பட்டிருந்தது. வெள்ளையாக, வரிசையாக, தைரியமாகச் சிரித்தாள். என் வாயைத் திறந்து விட்டவளுக்கு நான் கடைசியில் அதையே திருப்பிச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பெரிய சைசில் பிரிண்ட் போட்டு, தங்க நிறச் சட்டம் போடச் சொல்லிவிட்டு வந்தேன். குவாலிட்டியில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பதினான்காம் நாள் சாயங்காலம் படத்தைச் சித்தப்பாவிடம் கொண்டு போனேன். பழைய பேப்பரைப் பிரித்து, கட்டில்மேல் சாய்த்து வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார். கிட்டே போனார். நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கீழே வந்தபோது நின்றுவிட்டார்.

"கைய எங்கம்மா வெச்ச?" என்றார்.

"எடுத்துட்டேன் சித்தப்பா. கம்ப்யூட்டர்ல."

"வாயி உன்னுது பாப்பா."

எனக்கு நாற்பத்தைந்து வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தன் செருப்பு என்று நினைத்துப் பக்கத்து ஆள் செருப்பில் கால் வைத்துவிட்டு எடுத்தவர் மாதிரி, பொறுமையாகச் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. அலைந்தது யார், நாலு நாள் தூங்காமல் கிடந்தது யார் என்றெல்லாம் உள்ளே கொதித்தது.

"வாழ்ந்த காலமெல்லாம் மூடிக்கினே இருந்துது. செவுத்துலயாவது மூடாம இருக்கட்டுமேன்னுதான் செஞ்சேன். ஊருக்குப் பயந்துக்கினு போனதே போதும்" என்றேன்.

"யாரு பயந்துக்கினு இருந்தது?" சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். "உங்க சித்தி வூட்டுக்குள்ள மூடமாட்டா. நாங்க ரெண்டு பேரும் மட்டும் இருந்தா கைய எடுத்துடுவா. கட்டிக்கினு வந்த மொத வருசத்துலேர்ந்து அப்டித்தான். அது எனுக்குத் தெரியும்ல. ஊருக்கு இத்தினி வருசமா எது தெரியுமோ அது இருந்தா போதும்."

என் வாழ்க்கையில் சித்தப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசி முடித்ததும் நான் முதலில் நினைத்தது என்னவென்றால், எத்தனை முறை அவர்கள் வீட்டில் நான் தங்கியிருக்கிறேன், எத்தனை கோடை லீவு, ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லையே என்பதுதான். நான் இருந்ததால்தான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, செத்துப்போன சித்தியின் மேல் அவள் புருஷனுக்கு இருக்கிற உரிமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

படத்தை அதே பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

"கைய வெச்சு எடுத்துக்கினு வரேன்" என்றேன்.

"மீசையும்" என்றார் சித்தப்பா.

அடுத்த நாள் காலை ஸ்டுடியோக்காரரிடம் போய் நின்றபோது அவருக்கு என் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "பழசு அப்டியே போடணுமாக்கா? சரி, அந்தக் கறையாவது எடுத்துடறேன், மூக்குக் கீழ அழுக்கு மாதிரி தெரியுது" என்றார். அது அழுக்கு இல்லை, இருக்கட்டும் என்று சொன்னேன். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பிரிண்ட் காய்கிறவரை அவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். சட்டத்துக்குள் நழுவாமல் உட்கார்ந்ததா என்று நானே திருப்பிப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் வெயில் நல்லபடியாக இருந்தது. உறவில் பெரியவர் ஒருவர் துணியை விலக்கினார். முன்வரிசையில் இருந்த பூக்கார அம்மா, "யம்மா, மீசையோட வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான். படத்திறப்பில் சிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். போஸ்டரைப் பார்த்து அக்காவா என்று கேட்டவர்களுக்கு இப்போது யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாலு வார்த்தை பேச எழுந்தவர்களில் மதகடிப்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. அவர் கல்யாணத்துக்குப் பாத்திரமெல்லாம் சித்தி கடையில்தான் எடுத்தார்களாம். பேச்சு சுவாரசியத்தில் சித்தி "பேரு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். பெண்ணின் அம்மா யோசிக்காமல் தன் பெயரைச் சொல்லிவிட்டார். குடத்திலிருந்து கரண்டி வரை நாற்பத்தோரு உருப்படியிலும் அம்மாவின் பெயரை வெட்டிவிட்டாள் சித்தி. மறுநாள் கல்யாணம், மாற்ற நேரமில்லை.

"எங்க மாமியாரு சோத்துக்கு உக்காந்தா எங்கம்மா பேரு போட்ட கரண்டிலதான் கொழம்பு ஊத்தணும். இருவது வருசமா ஒரு சண்ட வரல. எங்கம்மா கூடவே கீதுன்னு அவங்களுக்கு ஒரு பயம்" என்றார் அந்தப் பெண். "நான் புகுந்த வூட்ல தெகிரியமா இருந்ததுக்கு இவங்கதான் காரணம். அத்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் கூட்டத்தைப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், வாயில் கை. அம்மாவின் பெரியம்மா மகள், அவர் மகள், இன்னும் அந்த வீட்டுப் பல் வாங்கி வந்த பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். படத்தில் சித்தியும் அப்படியே. அவர்கள் யாரையும் திருத்த வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. நான் மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன். அது சித்தி எனக்குக் கொடுத்தது, அதை மூடினால் அவள் என்னைத் திட்டுவாள்.

பந்தி முடிந்து, நாற்காலிகள் வண்டி ஏறி, அம்மாவை அண்ணன் அழைத்துக்கொண்டு போகும்போது மணி மூன்று இருக்கும். நான் பின்கட்டில் காபிப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரோடும் நானும் கிளம்பிவிட்டதாகச் சித்தப்பா நினைத்திருக்க வேண்டும். வாசல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போட்டார். செருப்பில்லாத கால் கூடத்தில் நடந்து, படம் மாட்டியிருந்த சுவர் பக்கம் வந்து நின்றது.

"எல்லாரும் போய்ட்டாங்க" என்றார் சித்தப்பா. "கைய எடு."

நான் கையில் இருந்த தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். அவர் உள்ளே போய்ப் படுக்கிறவரைக்கும் குழாயைத் திறக்கவில்லை.